பேரனுக்கு முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். மகள் சூப்பர்மார்க்கெட்டில் பணம் வாங்கும் டில்லில் வேலை பார்க்கிறாள், வீடு வர இரவு எட்டு ஆகிவிடும். மருமகன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஜோஹானஸ்பர்க் ரோட்டில்தான். பேரப்பிள்ளைகள் இரண்டும் என் பொறுப்பு. பேரன் கிரேடு 8, பேத்தி கிரேடு 2. அடுத்த வருடம் பேரன் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான். விடாமல் கேட்டால் “தெரியாது ஆயா” என்று போனை எடுத்துக்கொள்கிறான். என் அண்ணன் அக்கவுண்டன்ட் ஆக்கு என்கிறார், மகளுக்கு டாக்டர் ஆசை. நான் ஸ்டாண்டர்ட் 5 வரைதான் படித்தேன். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சட்டை ஃபேக்டரியில் 22 வருடம் மெஷினில் உட்கார்ந்தேன், அப்புறம் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். “படிக்காவிட்டால் என்னை மாதிரி மெஷினில் உட்கார வேண்டியதுதான்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் இருக்கிற வேலைகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இந்தப் பிள்ளைகளுக்கு நான் எப்படி உதவுவது?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் பேரன் “தெரியாது” என்று சொல்வது எனக்குக் கவலை தரவில்லை. அவன் உண்மையைத்தான் சொல்கிறான். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் எத்தனை வேலைகளைக் கிட்டத்தில் பார்த்திருப்பான்? பள்ளியில் டீச்சர், ஆஸ்பத்திரியில் டாக்டர், கோவிலில் குருக்கள், டிவியில் கிரிக்கெட் ஆட்டக்காரர். அப்பா லாரி ஓட்டுகிறார் என்பது தெரியும். அந்த லாரிக்குள் என்ன சரக்கு போகிறது, அதை யார் அனுப்புகிறார்கள், வழியில் அப்பா என்னென்ன முடிவு எடுக்கிறார் என்பதெல்லாம் தெரியாது. அம்மா டில்லில் உட்காருகிறாள் என்பது தெரியும். கடை மூடிய பிறகு பணத்தை எண்ணி ஒப்படைக்கும்போது கணக்கு உதைத்தால் என்ன ஆகும் என்பது தெரியாது. ருசி பார்க்காத பத்துப் பண்டத்தில் எது வேண்டும் என்று கேட்டால் யாராக இருந்தாலும் தோளைத்தான் குலுக்குவார்கள்.

என்னைச் சுருக்கென்று தைத்தது வேறொரு வரி. “என்னை மாதிரி மெஷினில் உட்கார வேண்டியதுதான்” என்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் இதை எல்லோரும் சொல்கிறோம். குப்பை அள்ளணும், மூட்டை தூக்கணும், ஃபேக்டரிக்குப் போகணும் என்று பிள்ளையைப் பயமுறுத்திப் படிக்க வைக்கப் பார்க்கிறோம். பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கிறது தெரியுமா? ஆயா செய்த வேலை ஒரு தண்டனை, அதைப் பற்றிக் கேட்கக்கூடாது, கேட்டால் ஆயாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறான். வீட்டில் வேலையைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரே ஆளிடம் அவன் வாயைத் திறக்காமல் போய்விடுகிறான். உங்கள் மகள் படித்து வளர்ந்தது அந்த மெஷின் சம்பளத்தில். அது அவனுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, எண்ணிப் பார்ப்போம்.

அவனுடைய பள்ளிச் சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலரைத் திருப்பிக் காட்டுங்கள். மேலும் கீழும் இரண்டு துணி, நடுவில் விறைப்புக்காக ஒட்டிய இன்னொரு துணி. காலர் முனை கூராக நிற்க வேண்டுமானால், திருப்புவதற்கு முன்னால் உள்பக்க மூலையை எவ்வளவு கத்தரிக்க வேண்டும் என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். தோள் தையல், கை ஏற்றிய தையல், கஃப், காஜா, பாக்கெட் மூலை கிழியாமல் இருக்கப் போட்ட நெருக்கத் தையல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுங்கள். இதற்கெல்லாம் தனித்தனி மெஷின், தனித்தனி ஆள். “இந்தச் சட்டை எத்தனை பேர் கை பட்டு வந்திருக்கும், சொல்லு பார்க்கலாம்” என்று கேளுங்கள். இரண்டு பேர், மூன்று பேர் என்பான்.

அப்போது ஃபேக்டரிக்குள் கூட்டிப் போங்கள். சட்டைக்கு முதலில் அட்டையில் அளவு வரைந்தவர் ஒருவர். அதே அளவைச் சின்னது, பெரியது என்று கூட்டிக் குறைத்தவர் ஒருவர். துணியில் எந்தத் துண்டை எங்கே வைத்தால் வீண்போகாது என்று கணக்குப் போட்டவர் ஒருவர். அவர் ஒரு விரற்கடை மிச்சம் பிடித்தால் ஆயிரம் சட்டைக்கு எவ்வளவு துணி மிச்சம் என்று பேரனையே பெருக்கச் சொல்லுங்கள். நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்தவர்கள், கையில் கம்பி வலை உறை மாட்டிக்கொண்டு கத்தி ஓட்டிய கட்டர், வரிசையாக உட்கார்ந்த நீங்கள் எல்லோரும், லைன் நின்றுபோனால் ஓடி வரும் மெக்கானிக், தையலை இழுத்துப் பார்க்கும் செக்கர், அயர்ன் போடுபவர், பெட்டி கட்டுபவர், லாரியில் ஏற்றி அனுப்புபவர். ஸ்டாப்வாட்சோடு பின்னால் நின்று ஒரு காலருக்கு எத்தனை நொடி என்று குறித்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவரை யாருக்கும் பிடித்திருக்காது, ஆனால் அதுவும் ஒரு படிப்பு, ஒரு வேலை. சம்பளம் போட்ட கிளார்க். உங்களுக்காக மேனேஜரிடம் போய்ப் பேசிய யூனியன் ஷாப் ஸ்டூவர்ட். கடைகளிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்தவர்கள்.

ஒரே கூரையின் கீழ் இருபது வேலைக்குக் குறையாது. உங்களுக்கு அத்தனையும் தெரியும். அட்டை வெட்டுவதில் ஜியாமெட்ரி இருக்கிறது. சாயத்தில் கெமிஸ்ட்ரி. மெக்கானிக்கிடம் ஃபிசிக்ஸ். ஒரு சட்டைக்கு என்ன விலை சொல்லலாம் என்பதில் அக்கவுண்டிங். ஷாப் ஸ்டூவர்டுக்குச் சட்டமும் தெரிய வேண்டும், வாயும் வேண்டும். “இதெல்லாம் எதுக்கு ஆயா படிக்கணும்” என்று பேரன் கேட்கும் பாடங்கள்தான் இவை. பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் வகுப்பில் வேலை உலகம் பற்றி ஒரு பகுதி வரும், நானும் அதை நடத்தியிருக்கிறேன். ஆனால் இருபது வேலையையும் ஒரே சட்டையில் காட்ட என் புத்தகத்தில் வழி இல்லை.

ஃபேக்டரி மூடிய கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1994க்குப் பிறகு இறக்குமதி வரிகள் குறைந்தன, வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியது, டர்பனில் எத்தனையோ தையல் ஃபேக்டரிகள் ஆளைக் குறைத்தன, கதவைச் சாத்தின. உங்கள் கூட உட்கார்ந்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். சேலை ஜாக்கெட்டும் பள்ளி யூனிஃபார்மும் வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தவர் இருப்பார். மெக்கானிக் வேறு ஏதாவது ஃபேக்டரிக்குப் போயிருப்பார். சம்பளக் கிளார்க்குக்கு இன்னோர் ஆபீசில் இடம் கிடைத்திருக்கும். ஒரே ஒரு தையல் மட்டும் தெரிந்தவர் வீட்டோடு இருந்திருப்பார். இன்றைக்குப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள், பெரியவர்களும் பயப்படுகிறோம். ஒரு தொழில் கண்ணெதிரே மறைந்தபோது எந்தத் திறமை கையோடு வந்தது, எது ஃபேக்டரிக்குள்ளேயே நின்றுபோனது என்பதைப் பார்த்தவர் நீங்கள். அதை அவனுக்கு நிபுணர் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அவன் அப்பா. மருமகன் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பையனை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். “அப்பா வேலையைப் பற்றிச் சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால் “என்ன இருக்கு, ஓட்டுறேன்” என்று முடித்துவிடுவார். சின்னச் சின்னதாகக் கேட்கச் சொல்லுங்கள். வண்டியில் ஏறியதும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? வான் ரீனன் கணவாயில் பாரத்தோடு இறங்கும்போது எந்த கியர்? மூடுபனி வந்தால்? இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தது? தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது? திரும்பத் தொடங்கலாம் என்றால் இதே வேலைக்கு வருவீர்களா? இந்தக் கேள்விகள் எந்த வேலைக்கும் பொருந்தும். ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்துவிடுங்கள், யாரைப் பார்த்தாலும் கேட்கட்டும். கடைசிக் கேள்விக்குத்தான் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.

லாரியில் ஒரு பெட்டி இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு துறைமுகமே நிற்கிறது. கிரேன் ஓட்டுபவர், கஸ்டம்ஸ் அதிகாரி, சரக்குக்குத் தாள் போடும் கிளியரிங் ஏஜென்ட், எந்தக் கப்பல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று திட்டம் போடுபவர், டீசல் மெக்கானிக். கடலில் நிற்கும் கப்பலுக்குப் படகிலோ ஹெலிகாப்டரிலோ போய் ஏறி, அதைத் துறைமுகத்துக்குள் வழிநடத்திக் கொண்டுவரும் பைலட்டும் உண்டு. விமானத்துக்கு மட்டும்தான் பைலட் என்று நினைத்திருக்கும் பையன்கள் இதைக் கேட்டால் விட மாட்டார்கள். பெரியவர் ஒருவரிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்டு வாருங்கள் என்று ஒருமுறை வகுப்பில் சொல்லி அனுப்பினேன். ஒரு பெண் மறுநாள் வந்து, “அப்பா ஹார்பர்ல வேலைன்னு மட்டும்தான் தெரியும் மிஸ். ராத்திரி முழுக்க ஆரஞ்சுப் பெட்டிகளோட குளிர் சரியா இருக்கான்னு பார்த்துட்டு வர்றாராம்” என்றாள். பழம் ஏற்றிய குளிர்பெட்டிகளில் ஒன்றில் சூடு ஏறினால் பெட்டியோடு போய்விடும். அதுவரை அவளுக்கு அப்பா பகலில் தூங்கும் ஆள்.

மாத்திரைக்கு நீங்கள் ஆர். கே. கான் மருத்துவமனைக்கோ பக்கத்து கிளினிக்குக்கோ போகிறவராக இருந்தால், பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவனையும் கூட்டிப் போங்கள். வரிசையில் நிற்கிற நேரம் வீணாகாது. உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை எத்தனை விதமான வேலைக்காரர்களைப் பார்த்தாய் என்று எண்ணச் சொல்லுங்கள். கார்டு எடுக்கும் கிளார்க், பிரஷர் பார்க்கும் நர்ஸ், தள்ளுவண்டி தள்ளுபவர், எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தம் எடுப்பவர், அந்த ரத்தத்தை லேபில் சோதிப்பவர், மருந்தாளுநர், அவருடைய உதவியாளர், கால் பயிற்சி சொல்லித் தரும் ஃபிசியோ, சமையலறை ஆட்கள், மெஷின்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். உங்கள் மகளுக்கு டாக்டர் ஆசை என்றீர்கள், தப்பில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரியில் இடம் குறைவு, கேட்பவர்கள் ஏராளம், மிக நல்ல மார்க் வாங்கியும் கிடைக்காத பிள்ளைகளை ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கிறோம். கிடைத்துப் படித்து முடித்தாலும் இரண்டு வருடம் இன்டர்ன்ஷிப், ஒரு வருடம் சமூகச் சேவை முடித்த பிறகுதான் தனியாகத் தொழில் செய்யலாம். ஆஸ்பத்திரி வேலையில் மனசு இருக்கிற பிள்ளைக்கு அங்கே இன்னும் பல கதவு உண்டு என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், ஒரு கதவு மூடினதும் இடிந்து உட்கார மாட்டான். எக்ஸ்ரே, லேப், ஆம்புலன்ஸ் சிகிச்சை, பல் செட்டு செய்வது எல்லாவற்றுக்கும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே படிப்பு இருக்கிறது.

நம் ஆட்கள் டாக்டர், வக்கீல், டீச்சர், அக்கவுண்டன்ட் என்று நாலைந்து பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1860இல் இந்தியாவிலிருந்து முதல் கப்பல் டர்பனில் வந்து நின்றபோது இறங்கியவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், ரயில்வேயிலும் நகராட்சியிலும் கூலிக்கு நின்றார்கள். அப்புறம் நிறவெறி ஆட்சி வந்து, 1956இல் போட்ட சட்டத்தின்படி இன்ன வேலை இன்ன நிறத்தவருக்கு மட்டும் என்று அரசாங்கமே ஒதுக்க முடிந்தது. நல்ல கைத்தொழில் வேலைகளில் நம்மை உள்ளே விடவில்லை. நமக்கென்று திறந்திருந்தது சில வாசல்தான். ஆசிரியர் பயிற்சிக்கு ஸ்ப்ரிங்ஃபீல்ட் கல்லூரி, 1951இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்காகத் திறந்த நேட்டால் மருத்துவப் பள்ளி, தொழில் படிப்புக்கு எம். எல். சுல்தான் கல்லூரி. அந்த வாசல்களில் முட்டி மோதி உள்ளே போனவர்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். உங்கள் அண்ணன் சொல்வது அந்த அனுபவத்திலிருந்து வருகிறது, அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் அன்றைக்குப் பூட்டிய கதவுகளால் வந்த பட்டியல் என்பதை அவரும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவர் சொல்லும் அக்கவுண்டன்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக மூன்று வருடம் பட்டம், அதன் மேல் ஒரு வருடப் படிப்பு, மூன்று வருடப் பயிற்சி, நடுவில் இரண்டு பெரிய பரீட்சை. நல்ல தொழில்தான். பையனுக்கு எண்ணோடு உட்காரப் பிடிக்குமா என்று யாராவது பார்த்தீர்களா? மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக் கணக்கை ஒருமுறை அவனிடம் கொடுங்கள். கரண்ட், தண்ணீர், ஸ்கூல் ஃபீஸ், டாக்சி, மளிகை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டட்டும். இரண்டு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி அடுத்த வருட விஷயம். இதில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பையனின் கனவைவிட இந்த ஒரு முடிவு நிறையக் கதவைத் திறக்கும் அல்லது மூடும்.

கிரேடு 7 முதல் 9 வரை எல்லோருக்கும் ஒன்பது பாடம். கிரேடு 10இலிருந்து ஏழு. அதில் இரண்டு மொழி, லைஃப் ஓரியன்டேஷன், அப்புறம் ஏதாவது ஒரு கணக்குப் பாடம் கட்டாயம். மீதி மூன்றைத்தான் அவன் தேர்ந்தெடுப்பான். எல்லோரும் அந்த மூன்றைப் பற்றியே சண்டை போடுவார்கள். உண்மையில் பெரிய முடிவு கணக்கில்தான் இருக்கிறது. மேத்ஸ் எடுப்பதா, அன்றாட வாழ்க்கைக் கணக்கை மட்டும் சொல்லித் தரும் மேத்ஸ் லிட்டரசி எடுப்பதா? பொறியியல், மருத்துவம், சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி போன்றவற்றுக்கு மேத்ஸ் வேண்டும், லிட்டரசியை வைத்து உள்ளே போக முடியாது. பொறியியலுக்கு ஃபிசிக்கல் சயின்சும் கூடவே வேண்டும். சட்டம், சமூகப்பணி போன்ற பல படிப்புகளில் லிட்டரசியையும் ஏற்பார்கள். மேத்ஸில் ஆரம்பித்து முடியவில்லை என்றால் லிட்டரசிக்கு மாறலாம். லிட்டரசியிலிருந்து மேத்ஸுக்கு ஏறுவது மிகக் கடினம், விட்ட பாடம் மலை மாதிரி சேர்ந்துவிடும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பேரன் இப்போது மேத்ஸில் ஐம்பதுக்குப் பக்கத்தில் வாங்கி, உட்கார்ந்தால் செய்கிறவனாக இருந்தால், மேத்ஸை விடாதீர்கள். லிட்டரசியில் சுலபமாக எண்பது வாங்கலாம் என்று யார் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். அந்த எண்பது அழகாக இருக்கும், வேண்டிய படிப்புக்கு உதவாமல் போகலாம். டியூஷன் வைத்தும் ஒரு வருடமாக முப்பதைத் தாண்டவில்லை என்றால் கதை வேறு. அப்போது லிட்டரசி எடுப்பதில் ஒரு அவமானமும் இல்லை, மேத்ஸால் மற்ற ஆறு பாடமும் சேர்ந்து விழுவதைவிட அது எவ்வளவோ மேல். கிரேடு 8 முடியும் இந்த வருடமே ஓட்டை எங்கே என்று பார்த்து அடைக்க ஆரம்பிக்க வேண்டும். பின்னம், குறி எண், சமன்பாடு, பெரும்பாலும் இந்த மூன்றில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் பாட மார்க்கை 1 முதல் 7 வரை புள்ளியாக மாற்றிக் கூட்டுகிறார்கள். எண்பதும் அதற்கு மேலும் 7, முப்பதுக்குக் கீழே 1. கிரேடு 12 முடிவில் வரும் மெட்ரிக் பரீட்சை முடியும் முன்னரே விண்ணப்பம் போட வேண்டியிருப்பதால், முதலில் பார்ப்பது கிரேடு 11 மார்க்கைத்தான். மெட்ரிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. நம் மாகாணத்தின் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை, டர்பனில் இருக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வழியாகவே போடலாம்.

பல்கலைக்கழகம் வேண்டாம் என்று அவன் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். டர்பன் பக்கம் தெக்வினி, கோஸ்டல், எலங்கேனி என்று அரசாங்கத் தொழில் கல்லூரிகள் இருக்கின்றன. கிரேடு 9 முடித்தாலே சேரக்கூடிய படிப்பும் அங்கே உண்டு. நான் மட்டும் மெட்ரிக் முடித்துவிட்டுப் போகச் சொல்வேன். எலெக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், ஃபிட்டர், வெல்டர் ஆக வேண்டுமானால் ஒரு கம்பெனியில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, கடைசியில் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வில் தேற வேண்டும். இதற்கும் கணக்கும் சயின்சும் வேண்டும், கையால் செய்கிற வேலைக்குப் படிப்பு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் ஃபேக்டரியில் லைன் நின்றுபோனால் மேனேஜர்கூட யாருக்காகக் காத்திருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பணத்தை நினைத்துப் பயப்படுவீர்கள், தெரியும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேல் போகவில்லை என்றால், அரசாங்கத்தின் என்எஸ்எஃப்ஏஎஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கும் உண்டு, தொழில் கல்லூரிக்கும் உண்டு. மகள், மருமகன் இருவருடைய சம்பளச் சீட்டையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உயர்கல்வித் துறை நடத்தும் தேசியத் தொழில் ஆலோசனை இணையதளம் இலவசம். ஒரு வேலையின் பெயரைப் போட்டால் என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்கலாம் என்று காட்டும். அதை அவன் படித்து உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும், இருவருக்கும் நல்லது.

வேலை நிலவரத்தையும் பூசி மெழுக வேண்டாம். நம் நாட்டில் வேலைக்குத் தயாராக இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை, இளைஞர்களிடம் இது இன்னும் மோசம். படித்துவிட்டும் வீட்டில் இருக்கும் அண்ணன்மார்களை உங்கள் தெருவிலேயே அவன் பார்க்கிறான். “படிச்சு என்ன ஆகப்போகுது” என்ற கேள்வி அவன் மனதில் இருக்கத்தான் செய்யும், அவன் தோள் குலுக்குவதில் அதுவும் கொஞ்சம் இருக்கலாம். கேட்டால் திட்டாதீர்கள். வேலை கிடைத்தவர்கள் எப்படிக் கிடைத்தது என்று சொல்வதைக் கேட்க வையுங்கள். பலருக்கும் முதல் வேலை தெரிந்தவர் ஒருவர் வழியாகத்தான் வந்திருக்கும். அவன் இப்போது பத்துப் பெரியவர்களிடம் கேள்வி கேட்டுப் பழகினால், அந்தப் பத்துப் பேருக்கு நாளைக்கு அவன் முகம் தெரியும்.

சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும்போது கூட்டிப் போங்கள், கடை போட்டிருப்பவர் எத்தனை மணிக்கு எழுந்து, எங்கே கொள்முதல் செய்து, மிஞ்சிய கீரையை என்ன செய்கிறார் என்று கேட்கட்டும். சொந்தக்காரர் யாராவது ஒர்க்‌ஷாப் வைத்திருந்தால் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சம்பள வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள், 15 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை.

போனைப் பிடுங்க வேண்டாம். எந்த கேம் விளையாடுகிறான் என்று கேளுங்கள், அதைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் கடைசியில் ஓடும், அதை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படம் வரைந்தவர், சத்தம் சேர்த்தவர், தப்பு கண்டுபிடித்தவர், கணக்கு வழக்கு பார்த்தவர் என்று அங்கேயும் ஒரு ஃபேக்டரி இருக்கும். எந்த வேலையைப் படிக்கும்போது அவன் நிறுத்தி இரண்டாவது முறை படிக்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பேத்தியிடம் இப்போதைக்கு எதுவும் கேட்காதீர்கள். கிரேடு 2 பிள்ளை காலையில் டீச்சர், மாலையில் இளவரசி, ராத்திரி நாய் டாக்டர் ஆவாள், ஆகட்டும். அண்ணனுக்குச் சட்டையை வைத்துக் கதை சொல்லும்போது அவளையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஒன்றே ஒன்று, பையன்கள் வேலை, பெண்கள் வேலை என்று பிரித்துச் சொல்லிவிடாதீர்கள். மெஷின் ரிப்பேர் செய்பவரைப் பற்றிச் சொல்லும்போது “ஒரு மாமா வருவார்” என்று வழக்கமாகச் சொல்வோம், “ஒரு ஆன்டி வருவாங்க” என்றும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பள்ளியில் இந்த வருடமே போய் ஒரு விஷயம் கேளுங்கள். கிரேடு 10இல் எந்தெந்தப் பாடங்களை எந்தெந்தப் பாடத்தோடு சேர்த்து எடுக்க முடியும் என்று பட்டியல் வைத்திருப்பார்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லாச் சேர்க்கையும் கிடையாது. அவனுக்குப் பிடித்தது அந்தப் பள்ளியில் இல்லை என்றால் வேறு பள்ளி பார்க்க ஒரு வருடம் கையில் இருக்கும். மகளுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்களே போங்கள், எதற்கும் தயங்க வேண்டாம், லைஃப் ஓரியன்டேஷன் ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று ஆபீசில் சொன்னால் போதும். பட்டியலும் அவனுடைய இந்த டெர்ம் ரிப்போர்ட்டும் கையில் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், மார்க்கை வைத்துப் பாடம் பாடமாகப் பார்த்துச் சொல்கிறேன்.